கி.மு. 1, கி.பி. 1 – நடுவில் சுழியம் ஆண்டு வேண்டுமா? கல்வெட்டுக் காலக்கணக்குக்கு எது சரி?

ஏட்டுச்சுவடி:

வணக்கம். ஒரு வட்டாரத்தின் கல்வெட்டு, செப்பேடு, கோயில் திருப்பணிக் குறிப்புகள் எல்லாவற்றையும் காலவரிசைப்படி ஒரே அட்டவணையில் ஏற்றும் வேலை. ஊர், கோயில், அரசர் பெயர் எல்லாம் சிக்கலில்லாமல் ஏறிவிடுகின்றன. ஆண்டுதான் இடிக்கிறது. மூன்று இடங்களில் ஓர் ஆண்டு முன்பின்னாக வருகிறது.

முதலாவது திருவள்ளுவர் ஆண்டு. கி.பி. எண்ணோடு 31 கூட்டச் சொல்கிறார்கள்; 2026 + 31 = 2057. அப்படியானால் தொடக்கம் கி.மு. 31. ஆனால் கோள்நிலை பார்க்கும் மென்பொருளில் கி.மு. 31ஐ −30 என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. −30இலிருந்து 2026க்கு 2056தான் வருகிறது. ஓர் ஆண்டு எங்கே போயிற்று?

இரண்டாவது தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது முதலாம் இராசராசனின் 25ஆவது யாண்டு 275ஆவது நாள். பட்டமேற்றது 985. 985 + 25 = 1010; அதன்மேல் 275 நாள் போனால் 1011. எல்லாரும் 1010 என்றுதான் எழுதுகிறார்கள்.

மூன்றாவது சகாப்தம், அதாவது சக ஆண்டு. 78 கூட்டினால் பெரும்பாலும் பொருந்துகிறது. சிலவற்றில் வருஷப் பெயர் ஒத்துவரவில்லை.

ஆண்டை 0இலிருந்து எண்ணுவதா, 1இலிருந்து எண்ணுவதா? எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ள முடியுமா?

---

நாழிகைவட்டில்:

மூன்றும் ஒரே முடிச்சுதான். வயது கேட்டால் “ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது” என்கிறோம். அதில் 5 என்பது அளவு, 6 என்பது வரிசை எண். முடிந்ததை அளந்தால் தொடக்கம் 0. நடப்பதை எண்ணினால் தொடக்கம் 1. எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டுக்கும் ஒன்று வித்தியாசம் இருக்கும். எண்ணை மட்டும் எழுதி, அது முடிந்ததா நடப்பதா என்று எழுதாமல் விட்டால் அந்த ஒன்று காணாமல் போகும்.

கி.பி. எண் நடப்பு எண். டயோனிசியஸ் எக்சிகுவஸ் 525இல் ஈஸ்டர் நாள் அட்டவணை போட்டபோது 532இலிருந்து தொடங்கினார். அவர் எழுதிய முறை ‘ஆண்டவரின் 532ஆம் ஆண்டு’ என்ற போக்கு. அரசனின் ஆட்சியாண்டைச் சொல்வது போலத்தான். ஆட்சியாண்டில் சுழியமாவது ஆண்டு கிடையாது, ஆகவே இதிலும் இல்லை. ஐரோப்பியருக்குச் சுழியம் தெரியாததால் விட்டுப்போயிற்று என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. அதே அட்டவணையில் மீதி ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் ‘நுல்லா’ (லத்தீனில் ‘ஒன்றுமில்லை’) என்று எழுதியிருக்கிறார். வரிசை எண்ணுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பிறகு 731இல் பீட் என்ற துறவி, கிறிஸ்துவுக்கு முந்தைய ஆண்டுகளையும் பின்னோக்கி எண்ணினார். இரண்டு வரிசைகளும் 1இல் தொடங்கியதால் கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1 என்று ஆயிற்று.

வானியலாருக்கு இது ஒத்துவராது. கழித்தால் காலம் வர வேண்டும். ஜாக் காசினி 1740இல் வெளியிட்ட அட்டவணைகளில் கி.மு. 1க்கு 0 என்று போட்டார். அதிலிருந்து விதி இதுதான்: கி.மு. எண்ணை 1இலிருந்து கழியுங்கள். கி.மு. 1 = 0, கி.மு. 2 = −1, கி.மு. 31 = −30, கி.மு. 3102 = −3101. தேதி எழுதுவதற்கான ஐ.எஸ்.ஓ. 8601 தரமும் 0000 என்ற ஆண்டை ஏற்கிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஜூலியன் நாள்காட்டியைப் பின்னோக்கி நீட்டும்போது லீப் ஆண்டுகள் 0, −4, −8 என்று நாலால் வகுபட்டுக்கொண்டே போகும். கி.மு. எண்ணில் அவையே 1, 5, 9 ஆகிவிடும். நாலால் வகுக்கும் விதி அங்கே உடைந்துவிடும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு விடையும் சரி. கி.பி. 1 என்பது திருவள்ளுவர் ஆண்டு 32. அதற்கு முந்தைய கி.மு. 1 என்பது 31. இப்படியே இறங்கினால் கி.மு. 31க்கு 1 வரும். ஆக 31 கூட்டும் கணக்கு, கி.மு. 31ஐ முதலாம் ஆண்டாக எண்ணுகிறது. இப்போது நடப்பது 2057ஆவது, முடிந்தவை 2056. ஆண்டு எதுவும் தொலையவில்லை. (தை முதல் நாளில் எண் மாறுவதால், சனவரியின் முதல் இரண்டு வாரத்துத் தேதிகளுக்கு 30தான் கூட்ட வேண்டும். இதையும் அட்டவணையில் கவனியுங்கள்.)

இந்த ஒன்றைத் தவறவிட்டவர்கள் நிறைய. வெர்ஜில் பிறந்தது கி.மு. 70, அதாவது −69. 2000 ஆண்டு நிறைவது 1931இல். இத்தாலி 1930இலேயே விழா எடுத்துவிட்டது. அடுத்து அகஸ்டஸ், பிறந்தது கி.மு. 63 செப்டம்பர் 23. அதற்கு மட்டும் சரியாகக் கணக்கிட்டு, 1937 செப்டம்பர் 23இல் தொடங்கி 1938 வரை கண்காட்சி நடத்தினார்கள். மாரத்தான் போர் கி.மு. 490. 2500 ஆண்டு நிறைவு 2011தான்; ஆனால் ஏதென்ஸில் நினைவு ஓட்டம் 2010இல் நடந்தது. மூன்றிலும் கணக்கு ஒன்றே: கி.மு. எண்ணையும் கி.பி. எண்ணையும் நேராகக் கூட்டினால் கால அளவு ஓர் ஆண்டு கூடிவிடும். கூட்டிய பிறகு 1 கழிக்க வேண்டும்.

சுழியத்தை ஒழுங்காகக் கையாண்ட கணக்கு வேண்டுமென்றால் ஆரியபட்டரைப் பாருங்கள். கலியில் அறுபது அறுபதாண்டுகள், அதாவது 3600 ஆண்டுகள், சென்றபோது தனக்கு 23 ஆண்டுகள் சென்றிருந்தன என்கிறார். இரண்டுமே ‘சென்றவை’. கலியின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, அதாவது −3101. −3101 + 3600 = 499. 499 − 23 = 476, அவர் பிறந்த ஆண்டு. நேரான கூட்டல் கழித்தல்; எங்கும் ஒன்று கூட்டவோ விடவோ வேண்டியதில்லை. −3101க்குப் பதில் −3102 என்று போட்டுப் பாருங்கள், பிறந்த ஆண்டு 475 ஆகிவிடும்.

பஞ்சாங்கத்திலும் இதே வித்தியாசத்தைக் காணலாம். 2026 சித்திரையில் சென்ற கலி 5127, நடப்புக் கலி 5128. எந்த எண் அச்சாகியிருந்தாலும், அது சென்றதா நடப்பதா என்று பார்த்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

என் முடிவு இது: அட்டவணையில் ஒரே எண்தான் வைக்க முடியும் என்றால், சுழியம் உள்ள வானியல் எண்ணை வையுங்கள்.

---

மைப்படி:

வட்டில் ஐயா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் “ஒரே எண்” என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. கல்லில் வெட்டியிருக்கும் எண்ணை அப்படியே ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்தால், பத்து வருஷம் கழித்து யாராவது சரிபார்க்கும்போது எது கல்லின் எண், எது நம் எண் என்று தெரியாது. பழைய பட்டியல்களில் இந்தத் துன்பம் நிறைய இருக்கிறது.

தஞ்சைக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். வாசகம் “யாண்டு இருபத்தைந்தாவது நாள் இருநூற்றெழுபத்தைந்தினால்” என்ற அமைப்பு. ‘ஆவது’ என்று இருக்கிறது, நடப்பு. பட்டமேற்ற நாளே முதல் யாண்டின் முதல் நாள். கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் கணித்தபடி அது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில். ஆகவே 25ஆவது யாண்டு தொடங்குவது 985 + 24, அதாவது 1009 நடுவில். நாளிலும் இதே விதி: 275ஆவது நாள் என்றால் தொடக்க நாளோடு 274 கூட்ட வேண்டும். முன் எல்லை 1010 மார்ச் 26, பின் எல்லை 1010 ஏப்ரல் 25. நீங்கள் 25 கூட்டியதால் ஒரு முழு ஆண்டு தள்ளி 1011க்குப் போய்விட்டீர்கள்.

ஆட்சியாண்டுகளைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் காலவரிசை அமைக்கவே கூடாது. இராசராசனுக்கு 29ஆவது யாண்டு வரை கல்வெட்டு உண்டு. இராசேந்திரனுக்கு 33 வரை. கூட்டினால் 62. ஆனால் 985 முதல் 1044 வரை 59தான். இராசேந்திரனுக்கு 1012இலேயே, தந்தை இருக்கும்போதே, இளவரசுப் பட்டம் கட்டி அன்றிலிருந்து யாண்டு எண்ணினார்கள். அதனால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருவர் கணக்கிலும் ஓடுகின்றன. போதாததற்கு ‘ஆவது’ எண் ஒவ்வொன்றிலும் ஒன்று மிகுதியாக நிற்கும்.

பாண்டியர் கல்வெட்டில் ‘எதிர்’ வரும். “யாண்டு 4ஆவதின் எதிர் 7ஆவது” என்றால் 4 + 7 = 11ஆவது யாண்டு என்று கொள்வது வழக்கம். ‘எதிராமாண்டு’ என்று எண் இல்லாமல் வந்தால் ஒன்று கூட்டுங்கள். 13ஆவதின் எதிராமாண்டு என்பது 14ஆவது. பதிப்புகளில் 13+1 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த + குறியைக் கணினி விழுங்கி 131 ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தை எண் பத்தியாக வைக்காமல் எழுத்துப் பத்தியாக வையுங்கள்.

இனி சகாப்தம். விசயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் தொடர் ஒன்று இருக்கிறது, எவ்வளவு துல்லியமான தொடர் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்: “சகாப்தம் 1435ன் மேல் செல்லாநின்ற ஸ்ரீமுக வருஷம்.” 1435 முடிந்துவிட்டது, அதன் மேல் இப்போது நடந்துகொண்டிருப்பது ஸ்ரீமுக. முடிந்ததற்கு எண், நடப்பதற்குப் பெயர். ‘செல்லாநின்ற’ என்பது நிகழ்காலம். ‘செல்லாத’ என்று எதிர்மறையாகப் படித்துவிடக் கூடாது. இதில் 1435 + 78 = 1513, சித்திரை முதல் டிசம்பர் வரை. தை முதல் பங்குனி வரையுள்ள தேதியானால் பெரும்பாலும் 79 கூட்ட வேண்டும்.

சில கல்வெட்டுகளில் நடப்புச் சகத்தையே எண்ணாகத் தருவார்கள். கண்டுபிடிக்க வழி அறுபது வருஷப் பெயர்தான். சக எண்ணோடு 12 கூட்டி 60ஆல் வகுங்கள். மீதி, பிரபவ முதலான வரிசையில் அந்த வருஷத்தின் இடம். மீதி 0 என்றால் அட்சய, அதாவது 60ஆவது. 1435 + 12 = 1447; மீதி 7; ஏழாவது ஸ்ரீமுக. பொருந்துகிறது, ஆகவே அது சென்ற சகம். கல்லில் 1436 என்று இருந்து அதே ஸ்ரீமுக வந்தால் மீதி 8 ஆகும், பெயருக்கு ஒன்று முந்திவிடும். அப்போது அது நடப்புச் சகம். 78 கூட்டாமல் 77 கூட்டுங்கள். உங்கள் மூன்றாவது கேள்வியில் ஒத்துவராத கல்வெட்டுகளுக்கு முதலில் இந்தச் சோதனையைப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது எண்ணும் முறையால் வந்ததல்ல. எண்ணைப் படித்ததில் தவறு இருக்கும், அல்லது கல் சிதைந்திருக்கும்; கல்லில் மை ஒற்றி எடுத்த படியை மறுபடி பார்க்க வேண்டும். வடநாட்டு வியாழ வட்டப்படி பெயர் தந்த ஆவணங்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அங்கே இடையிடையே ஒரு பெயரைத் தாண்டிவிடுவார்கள்.

கொல்லம் ஆண்டு நடப்பு எண். “கொல்லந்தோன்றி இத்தனையாமாண்டு” என்று வரும். குமரி, நெல்லைப் பக்கத்துக் கல்வெட்டுகளுக்கு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, சனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். முதலாம் ஆண்டு 825 ஆவணியில் தொடங்கியது. 1200ஆவது 2024 ஆவணியில். மலபார்ப் பக்கம் புரட்டாசியில்தான் எண் மாறும். ஆவணி மாதத் தேதி உள்ள ஆவணம் எந்தப் பக்கத்தது என்று பார்க்காமல் மாற்றினால் ஓர் ஆண்டு தப்பும்.

---

வெசாக்கூடு:

இலங்கைத் தரப்பிலிருந்து ஒன்று சேர்க்கிறேன், பௌத்த வருடம். இதில் 0, 1 தகராறு இரண்டு நாடுகளுக்கு நடுவிலேயே நிற்கிறது.

தேரவாத மரபுப்படி புத்தர் பரிநிர்வாணம் அடைந்தது கி.மு. 544 வெசாக் (வைகாசி) பௌர்ணமி. இலங்கையில் அந்த வெசாக்கிலிருந்து ஓடும் வருடத்தை 1 என்று எண்ணுகிறோம். தாய்லாந்தில் சென்ற வருடத்தை எண்ணுகிறார்கள். அந்த முதல் வருடம் அவர்களுக்கு 0. ஆகவே இங்கே கி.பி. எண்ணோடு 544, அங்கே 543. இலங்கையும் இந்தியாவும் 2500ஆவது புத்த ஜயந்தியை 1956 மே வெசாக்கில் கொண்டாடின. தாய்லாந்து 1957 மே மாதம் கொண்டாடியது. தாய்லாந்துக்காரர் பிந்திவிட்டார்கள் என்று சொல்வது பிழை. வானியல் எண்ணில் −543 + 2500 = 1957. அதாவது 1956 வெசாக்கில் 2499 வருடம் முடிந்து 2500ஆவது பிறந்தது. 1957இல் 2500 நிறைந்தது.

உங்கள் அட்டவணையில் பௌத்த வருடம் போட்ட நூலோ, விகாரைக் கல்லோ வந்தால் நாட்டின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். ‘பௌத்த வருடம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இலங்கை எண் வெசாக்கில் மாறும். தாய்லாந்தில் முன்பு ஏப்ரல் 1, 1941இலிருந்து சனவரி 1. அந்த மாற்றத்தில் அவர்களின் 2483 ஒன்பது மாதத்தோடு முடிந்தது. 2483 சனவரி, பெப்ரவரி, மார்ச் என்று தேதிகளே இல்லை.

---

இருமஎண்:

கணினிப் பக்கத்தைச் சொல்கிறேன். முதல் விதி: தேதி வகையை நம்பாதீர்கள். ஆண்டை முழு எண்ணாக வையுங்கள்.

காரணம், ஒவ்வொரு மென்பொருளும் சுழியத்தை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. பைத்தானின் தேதி வகை கி.பி. 1க்கு முன்னால் போகவே போகாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கி.மு. தேதியை ஏற்கும், ஆனால் 0 என்ற ஆண்டை ஏற்காது, கி.மு. 585இலிருந்து ஆண்டை மட்டும் பிரித்துக் கேட்டால் −585 தரும். அதே தேதி ஜாவாவின் புதிய தேதி வகையில் −584. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் கி.மு. பகுதி முழுவதும் ஓர் ஆண்டு நகர்ந்துவிடும். கி.பி. பகுதி சரியாக இருப்பதால் சோதித்தவர் கண்ணில் படாது. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் 1.0 பதிப்பு 0000ஐத் தடுத்தது, 1.1 அனுமதித்தது. எந்தப் பதிப்பு என்று தெரியாமல் பழைய கோப்பின் கழித்தல் குறி ஆண்டுகளைத் தொடாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனி எண்ணாகக் கொடுத்தால் 0 முதல் 99 வரையுள்ள ஆண்டுகளோடு 1900 கூடிவிடும். சகத்தின் தொடக்கமான 78ஐக் கொடுங்கள், 1978 வரும். அதிலேயே மாதம் 0இலிருந்து, நாள் 1இலிருந்து. எக்செலில் 1900க்கு முந்தைய தேதியே கிடையாது. 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் ஒன்று உண்டு. கல்வெட்டு வேலைக்கு அதன் தேதி வகை உதவாது.

இன்னொரு குழி: இந்த மொழிகளில் பல, கிரிகோரியன் நாள்காட்டியைப் பின்னோக்கி நீட்டியே கணக்கிடும். வரலாற்று நூல்களில் இருப்பது ஜூலியன் தேதி. கலி தொடக்கமான −3101 பிப்ரவரி 18, நீட்டிய கிரிகோரியனில் சனவரி 23 ஆகிவிடும். ஆண்டின் முதல், கடைசி வாரத்துத் தேதிகளில் இதனால் ஆண்டே மாறும்.

பத்திகளை இப்படி வைத்தால் போதும். கல்லில் உள்ள வாசகம் எழுத்துருவில், தொடாமல். ஆண்டுமுறை: சகம், கொல்லம், கலி, ஆட்சியாண்டு, பௌத்தம்–இலங்கை, பௌத்தம்–தாய்லாந்து. எண். எண்ணின் தன்மைக்கு ஒரு பத்தி, மூன்றே மதிப்பு: நடப்பு, சென்றது, தெரியவில்லை. கடைசியாக, கணக்கிட்ட வானியல் ஆண்டு இரண்டு பத்தியில், முன் எல்லையும் பின் எல்லையும். மைப்படி ஐயா கேட்ட கல்லின் எண்ணும் இருக்கிறது, வட்டில் ஐயா கேட்ட சுழியமும் இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் இடைவெளி காண்பதும் கடைசி இரண்டு பத்தியில் மட்டும் நடக்கட்டும்.

திரையில் காட்டும்போது: மதிப்பு 1 அல்லது அதற்கு மேல் என்றால் கி.பி.; 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் 1இலிருந்து கழித்து வருவது கி.மு. சோதனைக்கு 1, 0, −1, −30 கொடுங்கள். கி.பி. 1, கி.மு. 1, கி.மு. 2, கி.மு. 31 வர வேண்டும். நூற்றாண்டு காட்ட, திரையில் தெரியும் எண்ணில் 1 கழித்து, 100ஆல் வகுத்த ஈவோடு 1 கூட்டுங்கள். 1000 என்பது 10ஆம் நூற்றாண்டு, 1001 என்பது 11. 2000 என்பது 20, 2001 என்பது 21. கி.மு.வுக்கும் இதே சூத்திரம் செல்லும், ஆனால் கி.மு. எண்ணில் போட வேண்டும். −100 என்ற வானியல் எண்ணில் நேராகப் போட்டால் தப்பு வரும், அது கி.மு. 101, இரண்டாம் நூற்றாண்டு.

---

ஏட்டுச்சுவடி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சகத்தில் ஒத்துவராமல் நின்ற நான்கில் மூன்று, 12 கூட்டும் சோதனையில் நடப்புச் சகம் என்று தெளிந்துவிட்டன. நான்காவதில் வருஷப் பெயர் இருக்கும் இடம் பொரிந்துபோயிருக்கிறது. எண், மாதத் தேதி, கிழமை, நட்சத்திரம் இருக்கின்றன. ‘மேல் செல்லாநின்ற’ என்ற தொடரும் இல்லை. இதை எப்படி முடிவு செய்வது?

இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் “75ஆவது ஆண்டு விழா” என்று மட்டும் இருக்கிறது. தொடங்கிய ஆண்டைக் காண 75 கழிப்பதா, 74 கழிப்பதா?

---

மைப்படி:

கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் கவலை வேண்டாம். சூரிய மாதத்தின் ஒரே தேதி அடுத்த வருஷம் கிழமையில் ஒன்றோ இரண்டோ தள்ளும். நட்சத்திரம் சுமார் 10 தள்ளும், திதி சுமார் 11 தள்ளும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் பொருந்துவது மற்றதில் பொருந்தாது. சென்றதாக ஒரு முறை, நடப்பதாக ஒரு முறை, இரண்டுக்கும் பஞ்சாங்கம் கணித்துப் பாருங்கள். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள் கி.பி. 700 முதல் 1799 வரை இதற்கென்றே கணித்தவை, கையாலேயே பார்த்துவிடலாம். மாதத் தேதியில் மட்டும் ஒரு நாள் விட்டுக்கொடுங்கள். சங்கராந்தி மாலைக்கு மேல் வந்தால் மாதப் பிறப்பை அன்றைக்கு வைப்பதா மறுநாள் வைப்பதா என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கிழமையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு ஆண்டும் பொருந்தவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று போட்டு இரண்டு எல்லையையும் வையுங்கள். பொருந்தாததை வலிந்து ஓர் ஆண்டில் உட்கார வைப்பதைவிட அது மேல்.

---

நாழிகைவட்டில்:

விழாக் கல்வெட்டு பற்றி. ‘நிறைவு’ என்று இருந்தால் 75 கழியுங்கள். ‘75ஆவது ஆண்டு’ என்று இருந்தால் 74. ஆனால் ‘75ஆவது ஆண்டு விழா’ என்ற தொடர் இரண்டு பக்கமும் இழுக்கும், ஆகவே தன்மைப் பத்தியில் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள். அரசு விழாவிலேயே இது வருகிறது. 2022 ஆகஸ்டு 15 விடுதலையின் 75 ஆண்டு நிறைவு. ஆனால் 1947 ஆகஸ்டு 15ஐ முதலாவதாக எண்ணினால் அன்று 76ஆவது சுதந்திர தினம். குடியரசு தினமும் அப்படியே: 2024இல் 75ஆவது, 2025இல் 75 நிறைவு. அந்த நிறுவனத்தின் 50ஆவது, 60ஆவது விழா அழைப்பிதழ் ஏதாவது கிடைத்தால் ஒப்பிடுங்கள். எண்ணும் முறை இடையில் மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கோயில் குறிப்பில் மணிவிழாவை ஒட்டிய திருப்பணி என்று வந்தால் அது நல்ல பிடி. 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 தொடங்கும்போது, பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தில் செய்வது மணிவிழா, சஷ்டியப்தபூர்த்தி. அப்போது பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பி வந்திருக்கும். 1966–67 பராபவ வருஷத்தில் பிறந்தவருக்கு 2026–27 பராபவத்தில் மணிவிழா. கல்லில் விழா வருஷத்தின் பெயர் இருந்தால் அதுவே அவர் பிறந்த வருஷத்தின் பெயர். 60ஐ அப்படியே கழித்துவிடலாம். பிரபவ, விபவ என்று பிறந்த வருஷத்திலிருந்து விரல்விட்டு எண்ணினால் 61 வரும். அந்த 61ஐக் கழித்துப் பிறந்த ஆண்டு எழுதிய பட்டியல் கையில் வந்தால், விழா வருஷப் பெயரோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.